மானகிரியில் நின்று பார்க்கும் சீதனச் சீமை

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் இருக்கிறது மானகிரி. குன்றக்குடிக்குப் போகிற அவசரத்தில் இந்த ஊரில் யாரும் இறங்குவதில்லை. செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்க வருகிறவர்களுக்கும் இங்கே வேலை இல்லை. உங்களை நான் இறங்கச் சொல்வது, 18ஆம் நூற்றாண்டு மாப்பிள்ளை ஒருவர் வாங்கிய சீதனத்தைக் காட்டத்தான்.

சாலையோரம் நின்று சுற்றிப் பாருங்கள். மேற்கே திருப்பத்தூர், அதற்கும் அப்பால் பிரான்மலை. தெற்கே சிவகங்கைப் பக்கம் சோழபுரம். தென்கிழக்கே திருவாடானை, அதையும் தாண்டிக் கடலோரம் தொண்டி. திருப்பத்தூர், பிரான்மலை, சோழபுரம், திருவாடானை ஆகிய நாலு ஊர்க் கோட்டைகளும் தொண்டித் துறைமுகமும் அந்த மாப்பிள்ளை சசிவர்ணத் தேவரின் பொறுப்பில் இருந்தவை.

சசிவர்ணர், நாலுகோட்டை என்னும் ஊரின் பெரிய உடையாத் தேவருக்கு மகன். இராமநாதபுரத்தை ஆண்ட விஜயரகுநாத சேதுபதி தம் மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை அவருக்குக் கட்டிக்கொடுத்தார். கூடவே, 1000 வீரர்களை வைத்துக் காப்பாற்றும் அளவுக்கு நிலமும் கொடுத்தார். வரி கிடையாது. எத்தனை காணி, எத்தனை வேலி என்று கேட்காதீர்கள். எத்தனை பேருக்குச் சோறு போடும் என்பதுதான் அங்கே அளவு. சீதனம் என்றாலும், மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாத சீதனம்.

1000 பேருக்கு இந்தச் செம்மண்ணில் நெல் எங்கிருந்து வரும்? இந்தப் பக்கத்துக் கண்மாய்க் கரை ஒன்றில் ஏறிப் பாருங்கள், புரியும். இங்கே ஆற்றை நம்பிப் பயிர் வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. கண்மாய் நிறைந்தால் மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கு ஏறி வழிந்து, கீழே இருக்கும் அடுத்த கண்மாய்க்குப் போய்ச் சேரும். இன்று பல கண்மாய்களின் உள்வாயைச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. என்னைக் கேட்டால், அந்தச் சீதனச் சீமையின் உண்மையான கோட்டைகள் இந்தக் கண்மாய்கள்தான்.

1730 வாக்கில் சேதுபதிகளின் சேதுநாடு ஐந்து கூறானது. இரண்டு கூறு சசிவர்ணருக்கு வந்தது. சிவகங்கைச் சீமை பிறந்தது. அவர் மகன் முத்துவடுகநாதர் 1772 ஜூன் 25 அன்று காளையார்கோவிலில் கிழக்கிந்தியக் கும்பினிப் படையோடு மோதி மாண்டதும், அவர் மனைவி ராணி வேலுநாச்சியார் விருப்பாச்சியில் அடைக்கலமிருந்து 1780இல் சீமையை மீட்டதும் நீங்கள் அறிந்த கதை. அதன்பின் அதிகாரம் மருது சகோதரர்கள் கைக்கு வந்தது. பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவை குன்றக்குடி முருகன் திருநீற்றால் ஆறியது என்பார்கள்; அந்தக் கோவிலுக்கு அவர் செய்த திருப்பணி ஏராளம். 1801 அக்டோபர் 24 அன்று, இதே சாலை போய்ச் சேரும் திருப்பத்தூரில், கும்பினியை எதிர்த்த அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள்.

அதே ஆண்டு கும்பினி, சோழபுரத்தில் கௌரிவல்லப உடையாத் தேவரைச் சிவகங்கை ஜமீன்தார் என்று அறிவித்திருந்தது. டிசம்பரில் ஊரார் ஆயுதம் வைத்துக்கொள்ளத் தடை வந்தது. 1803இல் நிரந்தர நிலவரித் திட்டம். வீரர்களுக்குச் சோறு போட்ட நிலம், ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டும் நிலமாயிற்று.

கௌரிவல்லபர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அண்ணன் மகன் சீமையைக் கைப்பற்ற, வழக்கு தொடங்கி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1863இல் தீர்ப்பு. இந்த ஜமீன் கும்பினி கௌரிவல்லபருக்குப் புதிதாகக் கொடுத்தது, ஆகவே அவருடைய சுயார்ஜிதம், பங்காளிகளுக்குப் போகாது என்றார்கள் நீதிபதிகள். அகிலாண்டேசுவரி நாச்சியாரின் சீதனத்திலிருந்து வளர்ந்த சீமை, கௌரிவல்லபரின் மகள் காத்தம நாச்சியாருக்குப் போனது. இந்து வாரிசுரிமை படிக்கும் சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.