குளத்து மீனுக்கும் பசி உண்டு

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நமது ஏரிகளும் குளங்களும் பாசனத்திற்கு உதவுவதோடு, மீன் பாசிக் குத்தகையின் மூலம் பஞ்சாயத்துக்கு வருமானமும் தருகின்றன. ஆயினும், குஞ்சுகளை விட்டுவிட்டால் போதும், மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். பிறகு வலையை இழுக்கும் நாளில், தலை பெருத்து உடல் மெலிந்த மீன்கள் வருகின்றன. குஞ்சுகள் சாகவில்லை, எடைதான் இல்லை. அந்த எடை எங்கே போயிற்று? இதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

தசை கரையும் விதம்

மீனின் உடலில் ஏறத்தாழப் பாதி தசையாகும். தசையில் நீர் போக எஞ்சுவதில் பெரும் பகுதி புரதச் சத்து. அதில் நாள்தோறும் பழைய புரதம் சிதைந்து, புதிய புரதம் உருவாகிக்கொண்டே இருக்கிறது. உருவாவது மிகுந்தால் மீன் பெருக்கும். சிதைவது மிகுந்தால் இளைக்கும்.

இரை உண்ட மீனின் இரத்தத்தில் அமினோ அமிலங்கள் கூடுகின்றன, இன்சுலின் சுரக்கிறது. இவை சிதைவை அடக்கிப் புரதம் உருவாவதைத் தூண்டுகின்றன. இரை கிட்டாவிடில் இத்தூண்டுதல் ஓய்கிறது. முதலில் கல்லீரலில் சேமித்த மாவுச் சத்தும், கொழுப்பும் செலவாகின்றன. பட்டினி நீடித்தால் தசைப் புரதமே கரையத் தொடங்குகிறது.

இச்சிதைவுக்கு உயிரணுவில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு. ஒன்று, புரதத்தின் மீது யுபிக்விட்டின் என்னும் அடையாளத்தை ஒட்டி, அதைத் துண்டாக்குவது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொன்று, உயிரணு தன் பகுதிகளையே பையில் அடைத்துச் செரித்துக்கொள்வது. இதை விளக்கிய ஜப்பானிய விஞ்ஞானி ஓசுமி 2016இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். டிரவுட் மீனின் தசை உயிரணுக்களை ஆராய்ந்தவர்கள், சத்துக் குறைந்தால் இவ்வழிகள் முடுக்கம் பெறுவதையும், சத்துக் கிடைத்தால் அடங்குவதையும் கண்டனர்.

பசிபிக் கடலின் சாக்கை சால்மன் மீன், முட்டையிட ஆற்றில் ஏறும்போது இரை எடுப்பதில்லை. தன் கொழுப்பையும் தசையையும் செலவிட்டுப் பயணத்தை முடித்து, முட்டையிட்டபின் மடிகிறது. அது இயற்கை விதித்த வழி. நமது குளத்துக் கட்லாவோ நமது கவனக்குறைவால் இளைக்கிறது.

மேலும், பட்டினி மீனின் தசையில் புரதம் குறையக் குறைய நீரின் பங்கு மிகுகிறது. எனவே தராசில் நிற்கும் எடையிலும் சத்துக் குறைவு. குத்தகைதாரருக்கு மட்டுமன்றி, அம்மீனை உண்ணும் நம் குழந்தைகளுக்கும் இது நஷ்டமே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, குஞ்சுகளை அளவுக்கு மிஞ்சி விடலாகாது. உரமும் தீனியும் இடும் குளத்திற்கு ஹெக்டேருக்குச் சுமார் 5,000 குஞ்சுகள் என்பது பொதுவான கணக்கு. தீனியிடாத ஏரிக்கு அவ்வளவு ஆகாது. மேல்நீரில் மேயும் கட்லா, நடுநீரில் மேயும் ரோகு, அடியில் மேயும் மிரிகால் ஆகியவற்றைக் கலந்து விட்டால் இரைக்குப் போட்டி குறையும்.

இரண்டாவது, சாணமிட்டு நீரில் நுண்ணுயிர்களைப் பெருக்குங்கள். முழங்கை வரை கையை நீரில் விட்டு, உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் இரை போதுமானது என அறியலாம். குடிநீர்க் குளத்தில் சாணம் இடவே கூடாது.

மூன்றாவது, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம எடையில் கலந்து, நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இடுங்கள். சிறு குஞ்சுகளுக்கு மொத்த உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கும், வளர்ந்தபின் 2 பங்கும் போதும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறினால், அன்று தீனியை நிறுத்துங்கள்.

நான்காவது, மாதம் ஒருமுறை வலை வீசிச் சில மீன்களை எடை போட்டு, கணக்கில் எழுதுங்கள். சில நாள் இளைத்த மீன், இரை கிட்டியதும் விரைந்து வளர்ந்து ஈடு செய்வதுண்டு. நெடுநாள் பட்டினி கிடந்ததற்கு அந்த ஈடு முழுவதும் கிட்டாது. ஆகையால் இளைப்பைத் தொடக்கத்திலேயே அறிதல் அவசியம்.

பிண்ணாக்குக்குப் பணம் ஏது என்று கேட்பீர்கள். பஞ்சாயத்தே மீன் வளர்க்கும் குளமானால், சென்ற ஆண்டு வருமானத்தில் ஒரு பகுதியைத் தீனிக்கென ஒதுக்கத் தீர்மானம் செய்யுங்கள். குத்தகைக்கு விடும் குளமானால், தீனியிடுவதை நிபந்தனைகளில் சேருங்கள். உழவு மாட்டைப் பட்டினி போட்டு ஏர் பூட்டுவார் நம்மில் எவரும் இலர். குளத்து மீனுக்கும் அந்த நியாயத்தைச் செய்வோமாக.