லாடத்தின் வாய் எந்தப் பக்கம்?

இன்னைக்கு எபிசோடுல ஒரு இரும்புத் துண்டைப் பத்திப் பேசப் போறோம். அமெரிக்காவுல தாத்தா, பேரன், அம்மா, பொண்ணுன்னு குடும்பமா ஆடுற ஆட்டம் ஒண்ணு உண்டு. குதிரை லாடம் எறியிறது. அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ், 1989-ல வெள்ளை மாளிகைத் தோட்டத்திலேயே இதுக்கு ஒரு களம் போட்டார்.

பொருட்காட்சியில வளையம் போட்டுப் பொருள் ஜெயிக்கிற ஆட்டம் நமக்குத் தெரியும். அந்த வளையம் முழு வட்டம். காத்துல எத்தனை தடவை சுத்தினாலும் கவலையில்லை, குறி சரியா இருந்தாப் போதும். லாடம் அப்படி இல்லை. அதுக்கு ஒரு பக்கம்தான் வாய். குறி மட்டும் சரியா இருந்தாப் பத்தாது, முளைகிட்டப் போய்ச் சேரும்போது அந்த வாய் முளையைப் பார்த்தபடி இருக்கணும். ஆட்டத்தோட மொத்த சிக்கலும் இதுதான். லாடத்தோட வடிவமைப்பு முக்கியமாகுறதும் இதனாலதான்.

முதல்ல அளவுகளைப் பார்ப்போம். அமெரிக்க தேசிய லாட எறிதல் சங்கத்தோட விதிப்படி ரெண்டு முளைக்கும் நடுவுல 40 அடி. பெண்கள், சிறுவர்கள், வயசானவங்க 30 அடியில ஆடுவாங்க. முளை ஒரு அங்குலத் தடிமன். லாடத்தோட எடை 2 பவுண்டு 10 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, நம்ம கணக்குல கிட்டத்தட்ட 1.2 கிலோ. வாயோட அகலம் அதிகபட்சம் மூன்றரை அங்குலம். முளையைச் சுத்தி முழுசா மாட்டிக்கிட்டா அது ரிங்கர், 3 புள்ளி.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. மூன்றரை அங்குல வாய்க்குள்ள ஒரு அங்குல முளை நுழையணும். நேரா வந்தாக்கூட இந்தப் பக்கம் ஒண்ணேகால், அந்தப் பக்கம் ஒண்ணேகால் அங்குலம்தான் மிச்சம். பதினோரு மீட்டர் தள்ளி நின்னு எறியிறவருக்குக் கிடைக்கிற சலுகை அவ்வளவுதான். வாய் கொஞ்சம் சாய்வா திரும்பி வந்துட்டா அதுவும் சுருங்கிடும்.

அதனால வீரர்கள் சுழற்சியை எண்ணி வச்சிருப்பாங்க. சிலர் லாடத்தோட வளைவைப் பிடிச்சு, தோசை திருப்புற மாதிரி ஒரே ஒரு குட்டிக்கரணம் போட வைப்பாங்க. இதுக்குப் பேர் ஃப்ளிப். இன்னும் சிலர் பக்கவாட்டுக் காலைப் பிடிச்சு, தட்டையாச் சுழலவிட்டு, ஒண்ணேகால் சுத்து இல்லைன்னா ஒண்ணேமுக்கால் சுத்துல வாயை முளைக்கு நேரா கொண்டு வருவாங்க.

பதினொண்ணாம் வகுப்பு இயற்பியல்ல நிலைமத் திருப்புத்திறன் படிச்சது ஞாபகம் இருக்கா? கூடவே செங்குத்து அச்சுத் தேற்றம்? அது இங்க நேரடியா வேலை செய்யுது. தட்டையான ஒரு பொருளுக்கு, அதோட தளத்துக்குச் செங்குத்தான அச்சுலதான் திருப்புத்திறன் அதிகம். அந்த அச்சுல சுத்தினா சுழற்சி சீக்கிரம் தடுமாறாது. தட்டையா விடுற எறியில இந்த நன்மை தானா கிடைக்குது. குட்டிக்கரணத்துல அது இல்லை. மணிக்கட்டு கொஞ்சம் முறுக்கிக்கிட்டாலும் லாடம் காத்துல ஆட்டம் போட ஆரம்பிச்சிடும்.

வடிவமைப்பு உள்ளே வர்றது இந்த இடத்துலதான். ஒரே எடையில ரெண்டு லாடம் எடுத்துக்குங்க. ஒண்ணுல இரும்பு வளைவுப் பக்கம் அதிகம், இன்னொண்ணுல நுனிகள்ல அதிகம். தராசுல ரெண்டும் ஒண்ணுதான், ஆனா கையில ரெண்டும் வேற வேற. நிறை எங்க குவியுதோ அதைப் பொறுத்து ஈர்ப்பு மையம் நகரும், திருப்புத்திறன் மாறும். திருப்புத்திறன் கூடின லாடம், அதே மணிக்கட்டு விசைக்கு மெதுவாச் சுத்தும். ஒண்ணேகால் சுத்துங்கிறது 450 பாகை. அதுல அஞ்சு சதவீதம் குறைஞ்சாலே 22 பாகைக்கு மேல வாய் விலகிடும். ஒண்ணேமுக்கால் சுத்துல அதே அஞ்சு சதவீதம் 31 பாகையைத் தாண்டும். பதிலுக்கு, வேகமாச் சுத்துற லாடம் காத்துல நிலையா நிக்கும். எதை விட்டு எதைப் பிடிக்கிறதுங்கிறது ஆடுறவங்க முடிவு.

முளையைத் தொட்ட பிறகும் கதை முடியலை. நுனிகள் ரெண்டுலயும் உள்பக்கமா சின்னக் கொக்கி இருக்கும். லாடம் முளையில மோதிப் பின்னால வழுக்கும்போது, இந்தக் கொக்கிதான் முளையைப் பிடிச்சு நிறுத்தும். இரும்போட தன்மையும் முக்கியம். கடினமான எஃகு டங்குன்னு மோதித் துள்ளி வெளியே போகும். மென்மையான எஃகு அடியை உள்வாங்கிக்கிட்டு அங்கேயே விழும். ஆனா அதுல சீக்கிரம் பிசிறு கிளம்பும், விரலைக் கிழிக்காம இருக்க அரம் போட்டுக்கிட்டே இருக்கணும்.

சரி, சாம்பியன் எந்த லாடம் வச்சிருக்காரோ அதையே வாங்கிட்டா? டெட் ஆலன் உலகப் போட்டியில தொடர்ந்து 72 ரிங்கர் போட்டவர். அவர் பேர்லயே லாடமும் விற்பனைக்கு வந்துச்சு. இருபதுக்கும் மேல உலகப் பட்டம் வாங்கின ஆலன் ஃபிரான்சிஸ் பத்துக்கு ஒன்பது ரிங்கர்ங்கிற கணக்குல போடுறவர். ஆனா அவங்க லாடம் அவங்க மணிக்கட்டுக்குப் பொருந்தினது. உங்களோடது குட்டிக்கரணம் போடுற கைன்னா, தட்டைச் சுழற்சிக்காக நிறையைப் பிரிச்ச லாடம் உங்களுக்கு இடைஞ்சல்தான். அதனால முதல்ல உங்க எறி எதுன்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் லாடம் வாங்குங்க. மாத்தினா, கை பழகி வச்ச நேரக் கணக்கும் மாறிடும்ங்கிறதைத் தெரிஞ்சுக்கிட்டு மாத்துங்க.

எடைக்கும் இதே கதைதான். ஒரு ஆட்டத்துல 50 எறின்னு வச்சுக்குங்க. 1.2 கிலோ லாடம்னா மொத்தம் 60 கிலோ. முதல் பத்து எறியில அந்தக் கனம் கையை ஆடாமப் பிடிச்சுக்கும். கடைசிப் பத்துல தோள் தளரும், சுத்து குறையும், வாய் திரும்பாது. கொஞ்சம் லேசான லாடம் அப்ப கைகொடுக்கும்.

எழுபது வயசு ஆனவர் 40 அடியிலிருந்து 30 அடிக்கு மாறினா என்ன ஆகும்? தூரம் குறைஞ்சா சுலபம்னுதானே தோணும்? ஆனா லாடம் காத்துல இருக்கிற நேரமும் குறையுது. வாழ்க்கை பூரா பழகின ஒண்ணேகால் சுத்து முடியிறதுக்குள்ள முளை வந்துடும். ஒண்ணு, உயரமா வீசி நேரத்தை நீட்டணும். இல்லைன்னா சுழற்சியை வேகமாக்கணும். அதுவும் இல்லைன்னா, அதே கைக்கு வேகமாச் சுத்துற லாடத்தைத் தேடணும். நாற்பது வருஷம் ஆடினவர் திரும்ப மாணவர் ஆகுறார். பலர் ஆகத்தான் செய்யுறாங்க, அதனாலதான் பேரனும் தாத்தாவும் ஒரே களத்துல நிக்க முடியுது.

இன்னைக்கு இவ்வளவுதான். வேற ஒரு ஆட்டக் கருவியோட அடுத்த எபிசோடுல சந்திப்போம்.