வியாபாரப் படிப்பு யாருக்கு?

(லாஸ்பேட்டையில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும். நல்ல மார்க் என்றால் விஞ்ஞானம், குறைந்த மார்க் என்றால் வணிகம் என்று நம்மில் அநேகர் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். "நமக்கெதற்கப்பா வியாபாரம், அது செட்டியார் வீட்டுச் சமாசாரம்" என்போரும் உண்டு. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? வியாபாரம் வைசியனுக்கு, ஊழியம் சூத்திரனுக்கு என்று மனுதர்மம் எழுதி வைத்ததிலிருந்துதானே வந்தது? கடைக் கணக்கு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போயிற்றே தவிர, அடுத்த தெருப் பிள்ளைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமாக வந்த பிறகல்லவா, ஆண் பெண் ஜாதி வித்தியாசமின்றி எவரும் அதைக் கற்கலாம் என்றாயிற்று!

இந்த ஊர்ப் பெயரையே பாருங்கள். லா தெ லொரிஸ்தோன் என்ற பிரெஞ்சு கவர்னர் பெயரால் வந்ததே லாஸ்பேட்டை என்பார்கள். அவருடைய பெரிய தகப்பனார் ஜான் லா. பிரான்சில் 1716-ல் பாங்கி தொடங்கியவர். புதுச்சேரியை ஆண்ட கும்பெனியும் 1719-ல் அவர் கைக்குள் வந்தது. 500 லிவர் பங்கு 10,000 வரை ஏறிற்று. பிரபுவும் வேலைக்காரனும் விழுந்தடித்து வாங்கினார்கள். லாபம் எதிலிருந்து வருகிறது என்று கேட்டவர் சிலரே. 1720-ல் எல்லாம் சரிந்தது. ஜான் லா நாட்டை விட்டே ஓடினார்.

இன்று அதிக வட்டி ஆசை காட்டிச் சீட்டுப் பிடிப்பவனிடம் தாலிச் சங்கிலியைக் கொடுத்துவிட்டு, பிறகு தலைவிதி என்று அழுகிறோமே, அதற்கும் இதற்கும் என்ன பேதம்? மோசம் போவது விதியாலல்ல, கேள்வி கேட்கத் தெரியாததால்தான்.

2024-25 முதல் புதுவை அரசாங்கப் பள்ளிகள் மத்திய பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அதில் வணிகக் கல்வி என்பது 80 மார்க் எழுத்துப் பரீட்சை, 20 மார்க் செய்முறைத் திட்டம். கூட்டு வியாபாரம், கூட்டுறவுச் சங்கம், கம்பெனி இவற்றின் பேதமென்ன, மூலதனம் எங்கே கிடைக்கும், ஏமாந்தவன் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி எங்கே முறையிடலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சு சுரங்க எஞ்சினீயர் 1916-ல் சொன்ன 14 நிர்வாகத் தத்துவங்களும் உண்டு. இது மட்டமான படிப்பா?

நாம் கடை திறக்க நல்ல நேரம் பார்க்கிறோம். வாசலில் பூசணிக்காய் கட்டுகிறோம். ஆனால் வாடகை, வட்டி, கடன் நிலுவை இவற்றைத் தினம் எழுதி வைக்கிறோமா? எழுதாத கடையை எந்த லக்ஷ்மி காப்பாற்றுவாள்?

எல்லாரும் கடை வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. விஞ்ஞானத்தில் விருப்பமுள்ள பிள்ளை அதையே படிக்கட்டும். ஆனால் வணிகத்தில் விருப்பமுள்ள பிள்ளையை, முக்கியமாகப் பெண்ணை, கௌரவக் குறைவு என்று தடுக்காதீர்கள். நான் சொன்னேன் என்பதற்காக ஒப்பவும் வேண்டாம். அந்தப் பாடப் புத்தகத்தை ஒருதரம் புரட்டிப் பார்த்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.