மலை சரிந்தது எந்த விதியால்?

(திருவண்ணாமலைப் பொதுக்கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "சர்வகலாசாலை ஆராய்ச்சியும் சாதாரண ஜனங்களும்" என்பதாகும். நோட்டீசைப் பார்த்த ஒரு தோழர் நம்மிடம் வந்து, "ஐயா, கோவில் ஊரில் கோவிலைப்பற்றிப் பேசினால் நூறு பேர் வருவார்கள். பௌதிகம், கணிதம், பூகர்ப்ப சாஸ்திரம், கணினி என்று பேசினால் யார் வந்து உட்காருவார்கள்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. நாமும் காலேஜ் படிக்கட்டு ஏறியதில்லை. பழைய புத்தகக் கடையிலும் வாசகசாலையிலும் படித்தது, புரியாததைப் புரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, இவ்வளவுதான் நம்முடைய படிப்பு. ஆகவே பண்டிதர்களைப்போல் பேச நமக்கு யோக்கியதையுமில்லை, ஆசையுமில்லை. உங்கள் தலைக்கு மேலே 2,668 அடி உயரம் நிற்கிறதே இந்த மலை, அதை வைத்துக்கொண்டே பேசுகின்றோம். மலையைத் தெரியாதவர் இங்கு யாருமில்லையல்லவா?

தோழர்களே! 2024-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி மாலை நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஃபெங்கல் புயல் முதல் நாள் இரவு கரையேறி, பிறகும் நகராமல் புதுச்சேரிப் பக்கத்திலேயே மணிக்கணக்காய் நின்று, அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டிற்று. அந்த மழை இங்கேயும் அடித்தது. வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி, வீட்டோடு ஏழு உயிர்களை மூடிவிட்டன. அந்த ஏழில் ஐந்து குழந்தைகள். கிட்டத்தட்ட இரண்டு நாள் மண்ணைத் தோண்டித்தான் அந்த உடல்களை எடுக்கவேண்டியிருந்தது.

அப்போது ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள்? "எல்லாம் விதி" என்றார்கள். "மலைக்குக் கோபம்" என்றார்கள். "யார் செய்த பாவமோ" என்றார்கள். துக்கத்தில் ஒரு தாய் அப்படிச் சொன்னால் அவள்மீது நமக்கு வருத்தமில்லை; அழுகிறவர்களிடம் போய்த் தர்க்கம் பேசுகிறவன் மனிதனல்ல. ஆனால் அழுகை ஓய்ந்து, அடுத்த மழைக்காலம் வரும்போதும் அதே பதிலையே சொல்லிக்கொண்டிருப்போமானால், அடுத்த ஏழு பேருக்கு நாமே பொறுப்பாளிகளாவோம். எட்டு வயதுப் பிள்ளை என்ன பாவம் செய்திருக்கும்? முன் ஜன்மத்தில் செய்தது என்பீர்களானால், நினைவில்லாத குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் நியாயம் எந்தக் கச்சேரியிலாவது உண்டா என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்த மலையைப்பற்றிப் புராணம் என்ன சொல்கிறது? கிருத யுகத்தில் இது அக்கினி மலையாம். திரேதா யுகத்தில் மாணிக்க மலையாம். துவாபர யுகத்தில் பொன் மலையாம். கலி யுகத்தில் கல் மலையாய் விட்டதாம். நல்ல கதை! மாணிக்கமாயும் பொன்னாயும் இருந்தபோது நமக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை. கல்லாய்ப்போன யுகத்தில் மாத்திரம் ஏழையின் கூரைமேல் விழுகின்றது. இந்தக் கதையை ஆயிரம் தரம் படித்தாலும், எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எந்தச் சரிவில் கட்டக்கூடாது என்கிற ஒரு வார்த்தை அதிலிருந்து வெளிவருமா?

இப்போது படித்தவர்கள் சிலர் புதிதாய் ஒரு சமாதானம் கண்டுபிடித்திருக்கின்றார்கள். "அக்கினி மலை என்று நம் முன்னோர் சொன்னது எரிமலையைத்தான், சயன்ஸே ஒப்புக்கொண்டுவிட்டது" என்கின்றார்கள். பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்வது அதுவல்ல. வடதமிழ்நாட்டில் பரவியிருக்கும் சார்னோக்கைட் முதலிய பழம்பாறைகள் எரிமலை வாயிலிருந்து வழிந்தவைகளல்ல. பூமிக்குள்ளே பல மைல் ஆழத்தில், பெரும் சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும் இறுகி, மேலே கிடந்த பூமி கோடிக்கணக்கான வருஷங்களாய்க் கரைந்துபோனபின் வெளியே தெரிபவைகள். அவைகளின் வயது சுமார் 250 கோடி வருஷம் என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். பாறையில் உள்ள சில அணுக்கள் இன்ன வேகத்தில் வேறு அணுக்களாய் மாறுகின்றன என்பது பௌதிகம் கண்ட உண்மை. மாறினது எவ்வளவு, மாறாதது எவ்வளவு என்று அளந்தால் வயது வருகின்றது. எரிந்த மெழுகுவத்தியின் மிச்சத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் எரிந்தது என்று சொல்வதுபோலத்தான்.

சார்னோக்கைட் என்ற பேர் வந்த கதையும் வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரனின் கல்லறைமேல் சென்னைப் பக்கத்துக் கல் ஒன்று கிடந்தது. தாமஸ் ஹாலண்டு என்ற ஆராய்ச்சியாளர் அந்தச் சமாதிக் கல்லைப் பார்த்து, பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளோடு ஒத்திட்டுப் பார்த்து, 1893-ல் அந்தப் பேரை வைத்தார். நாமாயிருந்தால் சமாதிக் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருப்போம். அவர் அது எங்கிருந்து வந்தது, எதனால் ஆனது என்று கேட்டார். வித்தியாசம் இவ்வளவுதான்.

சரி, பாறை அவ்வளவு பழமையும் உறுதியுமானால் ஏன் சரிகிறது? இங்கேதான் ஆராய்ச்சியின் பிரயோஜனத்தைப் பார்க்கவேண்டும். வெயிலும் மழையும் பாறையின் வெடிப்புகளில் புகுந்து, வெளிப்புறத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய் மண்ணாக்குகின்றன. நடுவில் உருண்டைக் கற்கள் மிஞ்சுகின்றன. ஆக, சரிவின்மேல் மண்ணும் உருண்டைக் கல்லும் கலந்த ஒரு போர்வை கிடக்கின்றது. அந்தப் போர்வையைக் கீழே இழுப்பது அதன் கனம். விடாமல் பிடிப்பது துகளுக்கும் துகளுக்கும் உள்ள உராய்வு. குழந்தைகள் மணலில் வீடு கட்டுவதைப் பாருங்கள். காய்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் ஈரமிருந்தால் நிற்கும். ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் ஓடிவிடும். ஏனெனில் இடுக்குகளில் நிறைந்த தண்ணீர், துகள்களை ஒன்றையொன்று அழுத்தவிடாமல் தாங்கித் தூக்குகின்றது. அழுத்தம் குறைந்தால் உராய்வு குறைகின்றது. உராய்வு குறைந்தால் பிடி விட்டுப்போகின்றது. இதைக் கணக்காய் எழுதிக் காட்டியவர் கார்ல் டெர்சாகி என்ற பேராசிரியர். இஸ்தான்புல் நகரத்துக் காலேஜில் வேலைபார்த்த காலத்தில் சோதனைகள் செய்து 1925-ல் புத்தகமாய் வெளியிட்டார். அந்தக் கணக்கு இஸ்தான்புல்லுக்கும் பொருந்தும், வயநாட்டுக்கும் பொருந்தும், வ.உ.சி. நகருக்கும் பொருந்தும். அதற்கு ஸ்தல மகிமை கிடையாது.

இனி மழைக்கு வருவோம். மண் எப்போது நனைந்து கனக்கும் என்று தெரியவேண்டுமானால், மழை எங்கே எவ்வளவு பெய்யும் என்று முன்கூட்டித் தெரியவேண்டும். பஞ்சாங்கத்தில் இத்தனை மரக்கால் மழை என்று போட்டிருக்கின்றதே, அது சித்திரை மாதத்திலேயே வருஷம் முழுவதுக்கும் எழுதி வைத்தது. எந்த ஊரில், எந்த நாளில் என்று கேட்டால் அதற்கு வாயில்லை.

பஞ்சாங்கக்காரர்களை நாம் வெறுமனே பழிப்பதாக நினைக்கவேண்டாம். அவர்களிடம் இருந்த நல்லதையும் சொல்லுகின்றோம். 1825-ல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக்கொண்டு அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுந்தான் பிசகு. காகிதமும் எழுதுகோலும் இல்லாமல் செய்த காரியம் இது! ஆனால் அந்தக் கணக்கு ஏன் அப்படி வருகின்றது என்று அவருக்குத் தெரியாது. கணக்கு இருந்தது, காரணம் கேட்பது நின்றுபோயிருந்தது. கேள்வி நின்றதினால் அந்த 52 நிமிஷப் பிசகும் அப்படியே நின்றுவிட்டது.

இதற்கு எதிராக இன்னொரு மனிதரைப் பாருங்கள். லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற இங்கிலீஷ்காரர் முதல் மகாயுத்தத்தில் காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டி ஓட்டினார். ஓய்ந்த நேரத்தில், காற்றின் இயக்கத்தைக் கணித சூத்திரங்களாக்கி, ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். அதற்குச் சுமார் ஆறு வாரம் பிடித்தது. விடையோ அடியோடு தப்பு. அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. உண்மையில் அது ஏறக்குறைய அசையவேயில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? தப்பை மறைக்காமல் 1922-ல் புத்தகமாய் அச்சிட்டு, இன்னின்ன இடத்தில் பிசகு என்று உலகத்துக்குக் காட்டினார். பிறகு வந்தவர்கள் அந்தப் பிசகைத் திருத்தி, 1950-ல் மின்னணுக் கணினியில் முதல்முதலாய்ச் சரியான விடை கண்டார்கள். "எங்கள் ஸ்லோகத்தில் இன்ன இடம் தப்பு, திருத்துங்கள்" என்று சொன்ன புராணம் ஒன்றை யாராவது நமக்குக் காட்டுவார்களா?

இன்று நம் நாட்டிலேயே புனே நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில், 2024 செப்டம்பரில் திறந்துவைத்த கணினி ஒன்று வினாடிக்கு நூறு கோடிக் கோடிக்கு மேற்பட்ட கணக்குகளைப் போடுகின்றது. அதற்குச் சூரியனுடைய பேராகிய "அர்க்கா" என்று நாமகரணம் செய்திருக்கின்றார்கள். பேர் என்னவோ வைத்துக்கொள்ளட்டும். அது சூரிய நமஸ்காரத்தால் ஓடவில்லை. 2025 மே மாதத்தில் அந்த நிலையத்தார் கொண்டுவந்த புது முறையில் தேசம் முழுவதையும் 6 கிலோமீட்டர் கட்டங்களாய்ப் பிரித்து மழையைக் கணக்கிடுகின்றார்கள். நம் கிரிவலப் பாதை சுற்றளவு 14 கிலோமீட்டர். அதாவது இந்த மலை முழுவதும் அப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். கட்டத்துக்கு மழை எவ்வளவு என்று கணினி சொல்லும். எந்தத் தெருவின் மேலுள்ள மண் பிடி விடும் என்று சொல்லாது. அதை இங்கேயே வந்து, குழி போட்டு, மண்ணை எடுத்து, தண்ணீர் அழுத்தத்தை அளந்தால்தான் தெரியும். ஆகவேதான் ஆராய்ச்சி எங்கோ டில்லியிலும் புனேயிலும் மாத்திரம் நடந்தால் போதாது, நம் ஊர்ச் சரிவுகளிலும் நடக்கவேண்டும் என்கின்றோம்.

இது நடக்காத காரியமா? நடந்திருக்கின்றது. கேரளத்து மூணாற்றில் ஒரு சரிவில் குழிகள் போட்டு, மண்ணுக்குள் தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் கருவிகளை இறக்கி, 2009 முதலே எச்சரிக்கை கொடுத்து வருகின்றார்கள். செய்தது யார்? மாதா அமிர்தானந்தமயியின் பேரால் நடக்கும் சர்வகலாசாலை! நாம் அவர்களைக் குறை சொல்லவில்லை, பாராட்டுகின்றோம். பக்தர்கள் நடத்தும் சர்வகலாசாலையே மண்சரிவைத் தடுக்க யாகம் வளர்க்காமல் அழுத்தமானியை இறக்குகின்றதென்றால், நமக்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

இன்னொரு சாட்சியும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றது. அந்த 2024-ம் வருஷத்துக் கார்த்திகைத் தீபம் சரிவு நடந்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 13-ந் தேதி வந்தது. மலையேற ஜனங்களை விடலாமா என்ற கேள்வி வந்தபோது யாரைக் கேட்டார்கள்? ஆகமம் படித்தவர்களையா? ஜோசியரையா? பூவைத்துக் குறி கேட்டார்களா? பூகர்ப்ப நிபுணர்களை மலைமேல் ஏற்றிப் பார்க்கச் சொன்னார்கள். அதன்பின் அந்த வருஷம் பக்தர்கள் மலையேற அனுமதியில்லை என்று சர்க்கார் அறிவித்தது. தீபம் வழக்கம்போல் எரிந்தது. மலையேறி யாரும் சாகவில்லை. உயிர் போகும் காரியம் என்று வந்தபோது கோவில் ஊரும் ஆராய்ச்சிக்காரனையே நம்பிற்று. அந்த நம்பிக்கையை வருஷம் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கின்றோம்.

"இராமானுஜத்துக்கு நாமகிரித் தாயார் கனவில் கணக்குச் சொல்லவில்லையா?" என்று சிலர் நம்மை மடக்குகின்றார்கள். அவரே அப்படி நம்பினார் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பகா எண்களைப்பற்றி அவர் எழுதினவைகளில் சில தப்பென்று ஹார்டி என்ற பேராசிரியர் எடுத்துக் காட்டினாரே. அந்தத் தப்பையும் தாயார்தான் சொன்னாளா? அவருடைய நோட்டுப் புத்தகங்களில் உள்ளவைகளுக்கு ருசு தேடி புரூஸ் பெர்ன்ட் என்பவர் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகம் அச்சிடவேண்டியிருந்தது. அதுமட்டுமா? வேலைக்கு அலைந்த அந்த ஏழைப் பிள்ளை கணக்கையே தொழிலாகக்கொள்ள வழிசெய்தது எது? 1913-ல் சென்னைச் சர்வகலாசாலை கொடுத்த மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம்! கனவில் வந்த தாயார் கஞ்சி ஊற்றவில்லை, தோழர்களே!

கடைசியாக ஒன்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம். மலையடியில் வீடு கட்டினவர்கள் மலையின் அழகுக்காகக் கட்டவில்லை. சமதரையில் இடம் வாங்கப் பணமில்லாதவனே சரிவுக்குப் போகின்றான். ஆகவே பாறையை ஆராய்வது பாதி வேலை. ஆராய்ச்சி சொன்னபின் அந்த ஜனங்களுக்கு வேறு இடமும் வீடும் கொடுப்பது மறு பாதி. எச்சரிக்கையானது படித்தவர் பாஷையில் ஆபீசு அலமாரியில் தூங்காமல், தமிழில், தெருவுக்குத் தெரு, மழைக்கு முன்னால் வரவேண்டும். உங்கள் பெண் பிள்ளைகளும் ஆண் பிள்ளைகளும் இந்தச் சாஸ்திரங்களைப் படிக்கவேண்டும். மலையைச் சுற்றி வருகின்ற இலட்சக்கணக்கான கால்களில் பத்துக் கால்களாவது மலையை அளந்து பார்க்கப் போகட்டும்.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தலையில் எழுதினதாகச் சொல்லப்படும் விதி ஒன்று. மண்ணும் நீரும் காற்றும் நடக்கின்ற விதி இன்னொன்று. முதல் விதியை எவனும் கண்டதில்லை. கண்டதாகச் சொன்னவனாலும் அதை மாற்றமுடியவில்லை. இரண்டாவது விதியை யாரும் சோதித்துப் பார்க்கலாம், தெரிந்துகொண்டால் தப்பித்துக்கொள்ளலாம். அந்த ஏழு பேரும் இரண்டாவது விதியால் செத்தார்கள். நாம் முதல் விதியின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகின்றோமா?

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளவேண்டாம். வீட்டுக்குப் போய் ஒரு தட்டில் மணலைச் சாய்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்கும் புத்திக்கும் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கின்றோம்.