காற்றின் பங்காளிகள்

பிறந்த மண்ணை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ரயிலில் கடந்தவர் பலர். தென்மேற்குப் பருவக்காற்று அங்கே பாய்ந்து வரும் வேகத்தையும், முப்பந்தலில் அணிவகுத்து நிற்கும் காற்றாலைகளையும் நாம் மறக்க இயலுமா?

அப்பகுதிப் பெண்ணொருத்தி டில்லியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். காற்று மின்சாரத்தின் வளர்ச்சியைக் கற்க டென்மார்க் சென்று மூன்று திங்கள் தங்கி மீண்டாள். ஊராரிடம் கேட்கவேண்டிய வினாக்களைத் தமிழாக்கித் தருமாறு நம்மை நாடினாள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் மகிழ்ந்து இசைந்தோம்.

அவள் கூறிய செய்திகள் சுவையானவை. 1891-ஆம் ஆண்டில் ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில் பௌல் லா கூர் என்ற ஆசிரியர் காற்றாலையைக் கொண்டு மின்சாரம் எடுத்தார். அதோடு அமையாது, நாட்டுப்புற இளைஞருக்கு மின்தொழிலும் பயிற்றுவித்தார். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், அக்கம்பக்கத்தார் கூடிப் பணம் போட்டுக் காற்றாலைகள் நிறுவலாயினர். 2000-ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் 20 காற்றாலைகள் எழுந்தன. அன்று அவற்றுள் பாதி, 8,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர் சேர்ந்த கூட்டுறவுக்கு உரியவை. 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றே தந்தது.

முப்பந்தலின் கதை வேறு. 1990-களில் வருமான வரிச் சலுகையை நாடிய ஆலைகளும் கம்பெனிகளுமே அங்கே பெரிதும் முதலிட்டன. இம்மாணவியின் தந்தை, தாம் விற்ற நிலத்திலேயே இன்று இரவுக் காவல் பார்க்கிறார்.

வினாத்தாளில் ஊராரைப் 'பயனாளிகள்' என்று எழுதினோம், அலுவலகப் பழக்கம்! அவள் அதை வாசித்துச் சிறிது நேரம் பேசாதிருந்தாள்.

"மாமா, அங்கே காற்றாலையின் சொந்தக்காரர்களையே கண்டேன். பயனாளி என்றால் பயன் பெற்றவர் அல்லவா? எங்கள் அப்பா எதைப் பெற்றார்?" என்றாள்.

நமக்கு விடை தோன்றவில்லை. அச்சொல்லை அடித்துவிட்டு, "இக்காற்றாலையில் உங்களுக்குப் பங்கு உண்டா? பங்கு கொடுத்தால் சேர்வீர்களா?" என்று எழுதிக் கொடுத்தோம். முதல் வினாவை அவள் தன் தந்தையிடமே கேட்கப்போகிறாள்.

நேயர்களே! அடுத்த முறை ஊருக்குச் செல்கையில், கணவாயருகே காற்றாலைகளை எண்ணிக் களிக்கும் நம் குழந்தைகளுக்கு, அவை யாருடையவை என்பதையும் சொல்வோமாக.