நம் தலைக்கு மேலோடும் மின்னாறு

(மன்றத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வீட்டுக்கு நிலையம் எடுக்கும் ஆசாரியார், கிப்லாத் திசை பார்க்கும் முஸ்லிம் பெரியவர், ஆழ்கடல் செல்லும் மீனவர் ஆகிய மூவர் கையிலும் நம் கல்முனையில் நாம் காணும் பொருள் ஒன்றுண்டு. அது திசையறிகருவி. அதன் ஊசி வடக்கைக் காட்டும் என்பதை யாவரும் அறிவர். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. மேலும் கீழும் ஆடத்தக்கதாக அதனை அச்சிற் பொருத்தினால், இலண்டனிலே அது 66 பாகையளவு தரையை நோக்கிக் குனியும். நம் நாட்டிலோ ஏறக்குறையக் கிடையாகவே கிடக்கும். சற்றும் குனியாது கிடக்கும் இடங்களை எல்லாம் இணைத்து வரையும் கோட்டைக் காந்த மத்தியகோடு என்பர். பூமத்திய கோடு நமக்குத் தெற்கே கடலிற் செல்ல, இக்கோடு தென்னமெரிக்காவின் பேரு நாட்டையும் ஆபிரிக்காவையும் கடந்து, நமது தீவின் மேலாகவே செல்கின்றது.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

பூமியின் காந்தப்புலம் நாள்தோறும் சிறிது ஏறி இறங்குகின்றது. நம் பகுதியில் அதன் வலிமை ஏறத்தாழ 40,000 நனோ தெஸ்லா. நண்பகலை அண்டி அது சில நாள்களில் 100 அளவுக்கு உயர்ந்து, மாலையில் மீளும். நானூறில் ஒரு பங்கு; கண்ணுக்குத் தெரியாது. பொறுமையாக நாளும் பொழுதும் குறித்து வருபவர்க்கே அது தெரியும். அத்தகைய பொறுமைசாலி ஒருவர் நமக்கு அண்மையிலேயே இருந்தார். திருவனந்தபுரம் அவதான நிலையத்துக்கு 1852இல் பொறுப்பேற்ற ஜோன் அலன் புரவுண் என்பவர், கீழே நகரத்தில் அளந்தது போதாதென்று அகத்தியமலை உச்சியிலும் நிலையம் அமைத்து ஊசியின் அசைவைக் குறித்தார். நம் தமிழ் முனிவர் பெயர் தாங்கிய மலையில் இவ்வேலை நடந்ததை நம்மிற் பலர் அறியோம்.

ஆயினும் மலையுச்சி இரண்டு கிலோமீற்றர் உயரமும் இல்லை. அசைவுக்குக் காரணமோ 100 கிலோமீற்றருக்கு மேலே இருந்தது. 1920களில் பேருவின் ஹுவாங்காயோ நிலையத்தில் இப்பகல் ஏற்றம் மற்றை இடங்களிலும் மிகப் பெரிதாகக் காணப்பட்டது. அவ்வுயரத்திலே சூரியனின் புறஊதாக் கதிர் காற்றணுக்களை உடைத்து அயன்களாக்குகின்றது. காற்றோட்டம் அவற்றைத் தள்ள மின்னோட்டம் பிறக்கின்றது. காந்தக்கோடுகள் கிடையாக உள்ள நம் பகுதியில், மேலும் கீழும் தேங்கும் மின்னேற்றம் வழிந்தோட வழியின்றி நின்று, கிழக்கு நோக்கிய ஓட்டத்தைப் பன்மடங்கு வலுப்படுத்துகின்றது. சுமார் 600 கிலோமீற்றர் அகலமான பகல்நேர மின்னாறு அது. 1951இல் சிட்னி சப்மன் அதற்குப் பெயரிட்டார்.

அதைத் தொட்டு அளப்பதெப்படி? பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைச் சந்திரன் அவ்வளவு தாழ்ந்து சுற்றினால் காற்றிற் சிக்கி விழுந்துவிடும். இடைப்பட்ட இவ்வெளியை ரொக்கெற் ஒன்றே ஊடுருவும். இதற்காகவே விக்கிரம் சாராபாய் முதலியோர், காந்த மத்தியகோட்டை ஒட்டிய தும்பா என்னும் மீனவக் கிராமத்தைத் தெரிவு செய்தனர். அங்கிருந்த மகதலேன் மரியாள் தேவாலயத்தை ஆயரும் சபையாரும் மனமுவந்து விட்டுக்கொடுத்தனர். ரொக்கெற் பொருத்தும் வேலையையும் பாதுகாப்பையும் கவனித்தவர் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம். சைவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் அருகருகே வாழும் நம் கரைக்கு இச்செய்தி இனிக்கும். 1963 நவம்பர் 21 அந்தியிலே முதல் ரொக்கெற் எழுந்து, சோடிய ஆவியைச் செம்மஞ்சள் முகிலாக வானிற் பரப்பியது. அடுத்த ஆண்டிலே காந்தமானி தாங்கிய ரொக்கெற்றுகள் மின்னாற்றினூடே சென்று அதனை நேரில் அளந்தன.

இவ்வளவும் அக்கரையில். மின்னாறோ நமக்கும் மேலேதான் ஓடுகின்றது. கல்முனைப் படகுகள் இன்று திசையறிகருவியை விட ஜி.பி.எஸ். கருவியையே நம்புகின்றன. காந்த மத்தியகோட்டை அண்டிய வானிலே, சூரியன் மறைந்தபின் சில இரவுகளில் அயன்மண்டலத்திற் குமிழிகள் எழுந்து, செய்மதியிலிருந்து வரும் சமிக்ஞையை நடுங்கச் செய்கின்றன. கருவி சற்றே தடுமாறும். அதை முன்கூட்டிச் சொல்லக் கணித மாதிரி வேண்டும். மாதிரிக்கு அளவீடு வேண்டும். பூமியின் காந்தப்புலத்துக்கான சர்வதேச மாதிரியே 5 ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றது. ஏனெனில் புலம் ஓரிடத்தில் நில்லாது. காந்த மத்தியகோடும் 1963இல் இருந்த இடத்தில் இன்று இல்லை. திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தார் நாளும் அளந்து வருகின்றனர்.

நம் மன்றத்தார் ரொக்கெற் விடவேண்டா. உருக்கு ஊசியொன்றை நடுவே அச்சிட்டு, காந்தமேற்றுமுன் நன்கு சமநிலைப்படுத்துவோம். பிறகு காந்தமேற்றி, வடக்குத் தெற்காக நிறுத்திச் சாய்வைக் குறிப்போம். முனைகளை மாற்றிக் காந்தமேற்றி மறுபடியும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் ஊசியின் நிறைக்குறை நீங்கும். கல்முனையிற் சாய்வு மிகச் சிறிது, அவசரக்காரருக்கு அகப்படாது. இதே ஊசியைப் பொத்துவிலுக்கும், திருகோணமலைக்கும், யாழ்ப்பாணத்துக்கும் கொண்டு செல்வோம். தெற்கே தென்முனை தாழும். யாழ்ப்பாணத்தில் வடமுனை தாழும். இடையில் எவ்வூரில் அது மாறுகின்றது என்பதை நாமே குறித்துக்கொள்ளலாம். வரும் விடுமுறைக்கு நால்வர் முன்வந்தால் போதும். பெயர்களைக் காரியதரிசியிடம் கொடுங்கள்.