விஷுவும் விஞ்ஞானமும்

(காஞ்சிரங்குளத்தில் நடந்த அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வசந்தத்தை வரவேற்க வடக்கே ஹோலி, நமக்கு விஷு. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு இங்கே பக்கத்தில்தான். இந்தக் கரையோரத்தில் என் பால்யத்து விஷுவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் ராத்திரியே அம்மா உருளியில் அரிசி, கணிவெள்ளரி, தேங்காய், மாம்பழம், கோடி வேஷ்டி, வால்கண்ணாடி, பொன், கொன்னைப்பூ எல்லாம் வைத்துவிட்டுப் படுப்பாள். விடியுமுன் விளக்கேற்றி, எங்கள் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய்க் கணி காட்டுவாள். அப்புறம் அப்பாவின் கைநீட்டம், நாலணா. பொழுது விடிந்ததும் வயலில் ஏர் பூட்டி விஷுச்சால் கீறுவார்கள். விரிப்புச் சாகுபடிக்கு அதுதான் பிள்ளையார் சுழி. விஷுப்பட்சி 'சக்கைக்கு உப்புண்டோ' என்று கூவும். நமக்குச் சித்திரை வருஷப்பிறப்பும் ஆனதால் மத்தியானம் இலையில் வேப்பம்பூவும் மாங்காய்ப் பச்சடியும் உண்டு. சாயங்காலம் பஞ்சாங்க படனம். அந்த வயலில் இப்போது வாழையும் மரச்சீனியும்.

1970-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு ஊர் வந்தேன். புதுப் பட்டதாரியின் தலைக்கனம் உங்களுக்குத் தெரியாததல்ல. "விஷு என்றால் பகலும் ராத்திரியும் சமமான நாள். அது மார்ச் 20, 21-லேயே போயாச்சு. இன்னிக்கு நம்ம ஊர்ல பகல் ராத்திரியைவிட அரை மணிக்கு மேல் ஜாஸ்தி" என்று அப்பாவிடம் வாதாடினேன்.

கணக்கு என்னவோ சரிதான். பூமியின் அச்சு, சுற்றும் பம்பரம் தலையாட்டுவது போல மெதுவாக ஆடுகிறது. அதனால் சமராத்திரிப் புள்ளி சுமார் 72 வருஷத்துக்கு ஒரு பாகை பின்னால் நகர்கிறது. நம் பஞ்சாங்கமோ நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுவது. அதன் வருஷம் பருவங்களின் வருஷத்தைவிடச் சுமார் 20 நிமிஷம் நீளம். கி.பி. 285 வாக்கில் மேஷ சங்கராந்தியும் சமராத்திரியும் ஒன்றாக இருந்தன. இப்போது 24 நாள் வித்தியாசம். மேகநாத் சாகா தலைமையில் 1952-ல் அமைந்த கமிட்டி இதை ஆராய்ந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி அமலுக்கு வந்தது. அந்தத் தேதி போட்ட கெஜட்டை என் உத்தியோக காலம் முழுக்கப் புரட்டியிருக்கிறேன்; வீட்டில் ஒருநாளும் அனுசரித்ததில்லை.

இதை எல்லாம் கேட்ட அப்பா, "கணக்கு நீ சொல்றபடியே இருக்கட்டும்டா. அம்மா விளக்கேத்தி வச்சிண்டு காத்திண்டிருக்கா. அது போறாதா?" என்றார். நான் எழுந்திருக்கவில்லை, வீம்பாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். வெயில் வந்த பிறகு அப்பா ஒன்றும் பேசாமல் கைநீட்டத்தை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த விஷுவுக்கு அவர் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் பம்பாயிலிருந்து பேரன் வந்திருந்தான். ஏப்ரல் 11-ஆம் தேதி விளையாட்டாக முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டோம். மத்தியானம் 12.20 சுமாருக்கு நிழல் சுருங்கிச் சுருங்கி, குச்சியின் அடியில் மறைந்தே போயிற்று. "தாத்தா, நிழலைக் காணோம்!" என்று குதித்தான். நம் ஊர் அட்சரேகை 8 பாகை சொச்சம். வடக்கே போகும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வருவது ஏப்ரல் 11, 12 தேதிகளில், அதாவது விஷுவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால். முன்னோர்கள் தெரிந்தே இப்படி வைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நாள் நகர்ந்து நகர்ந்து தற்செயலாக இங்கே வந்து நிற்கிறது. ஆனாலும் அன்று எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

இப்போது கவலை வேறு. பஞ்சாங்கம் நகர்வது 72 வருஷத்துக்கு ஒரு நாள். கொன்னை அதைவிட வேகமாக நகர்கிறது. எங்கள் வாசல் மரம் சமீப வருஷங்களில் மாசி வெயிலிலேயே பூத்து, விஷுவுக்குள் உதிர்ந்துவிடுகிறது. கடைத்தெருவில் பிளாஸ்டிக் கொன்னைப்பூ விற்கிறார்கள். மருமகள் வாங்கி வந்ததைக் கணியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. கொம்பில் மிச்சமிருந்த நாலு இதழைப் பொறுக்கி வைத்தோம்.

வெளியூர்களில் இருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். குழந்தைகளோடு குச்சி நட்டுப் பாருங்கள். சென்னை, பெங்களூரில் ஏப்ரல் 24 வாக்கில் நிழல் மறையும். பம்பாயில் மே மாத நடுவில். டில்லியில் என்றைக்குமே மறையாது. ஏன் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இடமிருந்தால் ஒரு கொன்னைக் கன்று வையுங்கள். பூக்கும் தேதியை வருஷா வருஷம் டைரியில் குறித்து வையுங்கள்.

கணக்கைச் சரிபார்க்க நாள் நிறைய இருக்கிறது. விளக்கோடு ஒருவர் காத்திருக்கும்போது மட்டும் எழுந்து போய்விடுங்கள்.